வளைவில் இறக்கிய பால்குடம்

1906 பிப்ரவரி 8 — 4 வெள்ளி 35 காசு
1907 ஜனவரி 28 — 4 வெள்ளி 80 காசு
1908 ஜனவரி 17 — 5 வெள்ளி 10 காசு
1909 பிப்ரவரி 4 — 5 வெள்ளி 60 காசு
1910 ஜனவரி 24 — 2 வெள்ளி 15 காசு

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் இருந்த ரயில்பாதைக் கூலிகள் தைப்பூசத்துக்கு முந்தின நாள் டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குத் தண்டவாளத்தின் வழியே நடந்துபோவார்கள். பால், பூ, கற்பூரம், பானகம், கோயிலில் காவடிக்கு அபிஷேகம், எல்லாவற்றுக்கும் ஆன செலவு மேலே இருக்கிறது. நான் அந்தக் கேங்கின் கணக்குப்பிள்ளை. கடைசி வருடம் தொகை சுருங்கியதற்கு விலை இறங்கியது காரணமில்லை. அந்த வருடம் காவடி கோயில் போய்ச் சேரவில்லை, ஆகையால் அபிஷேகச் செலவு எழுதப்படவில்லை. காவடியைப் பாதி வழியில் இறக்கவைத்தவள் காத்தாயி.

காத்தாயிக்கு மன்னார்குடிப் பக்கம். புருஷன் வடிவேலுவுடன் 1902ஆம் வருடம் கப்பலேறி வந்தாள். சிங்கப்பூர் நகரத்திலிருந்து தீவின் வடகோடியான உட்லண்ட்ஸ் வரை ரயில்பாதை போட்டுக்கொண்டிருந்த சமயம் அது. அவன் சிலிப்பர் கட்டை சுமந்தான், அவள் கூடையில் ஜல்லி சுமந்தாள். ரயில் ஓடத் தொடங்கியதும் பாதையைப் பழுதுபார்க்கும் கேங்கில் அவனுக்கு வேலையும் கூலிகள் குடியிருந்த லயத்தில் இருவருக்கும் ஓர் அறையும் கிடைத்தன. வடிவேலுவுக்கு வாய் ஓயாது. அவள் ஒரு சொல் கேட்டால் அரைச் சொல் சொல்லுவாள். பிற்காலத்தில் நகரத்துத் தேக்கா மாட்டுக்கொட்டகைகளில் அவளுக்கு ‘ஊமைப் பால்காரி’ என்றே பெயர். 1931இல் அவள் இறந்தபோது அந்தத் தெருவே கூடியது. கூடியவர்களில் ஒருவருக்கும் அவள் ஒருகாலத்தில் ஒரு கங்காணியை என்ன செய்தாள் என்பது தெரியாது. அவள் பழிவாங்கினாள். அந்தச் சொல்லை எழுத எனக்குக் கை கூசவில்லை. பாதியில் விடாமல் முழுதாக வாங்கினாள்.

அந்தக் கேங்குக்குத் தலைவர் அழகப்பன் கங்காணி. ஆள் சேர்ப்பதும் நீக்குவதும் அவர் கையில். ரயில்பாதைத் துரைக்குத் தமிழ் வராது, மலாய் வரும். கூலிகளுக்கு மலாய் வராது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசுகிறவர் கங்காணி. ஒருவனுக்குக் காய்ச்சல் என்றாலும் அது கங்காணி வாய் வழியாகத்தான் துரைக்குப் போகும். கங்காணிக்குப் பிடித்தவன் என்றால் காய்ச்சலாகப் போகும், பிடிக்காதவன் என்றால் சோம்பலாகப் போகும்.

வடிவேலு செத்தது 1905 நவம்பரில். நான் அங்கே வேலைக்கு வந்தது அடுத்த மாதம். அதனால் அன்று நடந்ததைக் காத்தாயி சொன்னபடி எழுதுகிறேன். விடிகாலையில் அவன் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

“இன்னிக்கி எங்க வேல?”

“வேல இல்ல, கைங்கரியம். கங்காணியாரு வாடகைக்கு விட வீடு கட்டுறாருல்ல, அதுக்குப் பலகை வேணுமாம். டிராலியில போயி ஏத்தியாரணும்.”

“ரயில்வே டிராலியிலயா?”

“பின்ன, சாமி மயிலைக் கேட்டா குடுக்குமா?”

அதுதான் அவளிடம் அவன் கடைசியாகப் பேசியது.

டிராலி என்பது தண்டவாளத்தின்மேல் ஆட்கள் தள்ளிக்கொண்டு ஓடும் தட்டுவண்டி. அது பாதையில் போனால் வளைவுகளில் ஓர் ஆள் சிவப்புக் கொடியோடு முன்னால் நடக்க வேண்டும் என்பது சட்டம். கொடியைப் பெட்டியிலிருந்து எடுக்கக் கங்காணி கையெழுத்துப் போட வேண்டும். சொந்த வீட்டுப் பலகைக்கு என்னவென்று கையெழுத்துப் போடுவது? கொடி கொடுக்கவில்லை. புக்கிட் தீமாவுக்கு முன்னால் மண்மேட்டை வெட்டிப் பாதை போட்ட இடத்தில் ஒரு வளைவு இருக்கிறது. அந்தப் பக்கம் வருவது இந்தப் பக்கம் தெரியாது. அன்று அட்டவணையில் இல்லாத ஜல்லி வண்டி ஒன்று அந்த வளைவில் எதிரே வந்தது.

விசாரணைக்குத் துரை வந்தார். காத்தாயி எல்லாவற்றையும் சொன்னாள், பலகை, வீடு, டிராலி என்று. அவள் நீளமாகச் சொன்னது கங்காணியின் வாயில் மிகச் சின்ன மலாயாக வெளியே வந்தது. துரை ‘ச்சு’க் கொட்டி எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்பது நாலு நாள் கழித்துத் தெரிந்தது. வடிவேலு குடித்துவிட்டு, கேட்காமல், தனியாக டிராலியை எடுத்துக்கொண்டு கள்ளுக்கடைக்குப் போனான். சாவு அவன் சொந்தக் குற்றம். மோர் சற்றுப் புளித்தாலே முகத்தைச் சுளிப்பவன் அவன்.

“குடிகாரன் பொண்டாட்டிக்கி லயத்துல எடம் கெடையாதாம். தொரை உத்தரவு. நான் என்ன பண்றது?” என்றார் கங்காணி.

காத்தாயி மூட்டையைக் கட்டினாள். புறப்படுமுன் லயத்துப் பிள்ளையார் முன்னால் எல்லோரும் பார்க்க மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து கையில் கட்டிக்கொண்டாள்.

“அஞ்சு வருசம் உங்ககூட நடந்துவந்து முருகனுக்குப் பால்குடம் எடுக்குறேன். எடுத்து முடிக்கிறவரைக்கும் இந்தக் கூட்டத்துல எனக்கு எடம் உண்டு.”

நேர்ந்துகொண்டவரை யாரும் தடுக்கக் கூடாது. தடுத்தால் அந்த நேர்த்தி தடுத்தவர் தலையில் விழும். கங்காணியும் தடுக்கவில்லை. ஒரு விதவை அழுதுகொண்டே பின்னால் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருப்பார்.

அவள் தேக்காவுக்குப் போனாள். சாணி அள்ளினாள், மாடு கழுவினாள், பிறகு ஜாலான் புசார் பக்கமும் நியூட்டன் பக்கமும் மலாய்க்காரர் வீடுகளுக்குப் பால் ஊற்றினாள். அந்த வீட்டுப் பெண்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். என்ன கற்றுக்கொண்டாள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்காக நான் இங்கிலீஷில் ஒரு மனு எழுதிப்போட்டேன். மறுபடி விசாரிக்கக் காரணம் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. தான் கற்றுக்கொள்வதை என்னிடமும் அவள் சொல்லவில்லை.

நடைக்கு வருகிறேன். அதற்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. காலை வண்டி வடக்கே போனதும் பாதையில் இறங்க வேண்டும். சிவப்புக் கொடியோடு முன்னால் ஓர் ஆள் போவார். விரதக்காரர்கள் அருள் வந்து தடுமாறலாம் என்பதால் கொடி பிடிப்பவர் விரதம் இல்லாதவராக இருக்க வேண்டும். எப்போதும் சேக் தாவூதுதான். நாகூர்க்காரர், கேங்கில் மூத்த ஆள், ரயில் வருவதைத் தண்டவாளத்தில் கால் வைத்தே சொல்லிவிடுவார். அவருக்குப் பின்னால் கங்காணியின் காவடி, பிறகு ஆண்கள், கடைசியில் பெண்களின் பால்குடங்கள். ஒன்றாகப் புறப்பட்டவர்கள் ஒன்றாகத்தான் போய்ச் சேர வேண்டும். வழியில் ஒரு குடம் இறங்கினால் எல்லாக் காலும் நிற்கும். இறக்கியவளேதான் தூக்க வேண்டும், வேறு கை படக் கூடாது. காவடியோ கோயிலில்தான் தோளைவிட்டு இறங்கலாம்.

கங்காணியின் காவடி பெரியது. மயிலிறகு இரண்டு பக்கமும் விரிந்திருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு அவர் நகரத்துக்குள் நுழைவதைத் தமிழர்கள் எல்லோரும் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. முதல் வருடம் காத்தாயி பெண்களோடு வராமல் காவடிக்கு நேர் பின்னால் வந்து நின்றாள்.

“சாமிக்கு நடக்குறமா, கங்காணிக்கு நடக்குறமாடா?” என்று பின்னால் ஒருவன் கேட்டான்.

“சம்பளம் யாரு குடுக்குறாகளோ அவுகளுக்கு.”

சிரித்துக்கொண்டே போனார்கள். வளைவு வந்தது. காத்தாயி சும்மாட்டை இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே வைத்து அதன்மேல் குடத்தை இறக்கினாள். கூட்டம் நின்றது.

“என்ன புள்ள, கால் வலியா?” என்றார் கங்காணி, காவடியோடு திரும்ப முடியாமல் கழுத்தை மட்டும் திருப்பி.

“ஒரு கேள்வி கங்காணியாரே. அன்னிக்கி எம் புருசன் எங்க போனான்?”

“சாமி காரியத்துல சாவுப் பேச்சா? தூக்கு கொடத்த.”

“சொல்லுங்க, தூக்குறேன்.”

“கள்ளுக்கடைக்கி. ஊருக்கே தெரியும்.”

“ஒத்தையிலயா?”

“ஒத்தையிலதான்.”

“சரி” என்று குடத்தைத் தூக்கினாள். அவ்வளவுதான். ஆனால் காவடி தோளில் இருக்கும்போது சொன்ன சொல் சாமியிடம் சொன்ன சொல். கூட்டம் கோயில் போய்ச் சேரும்வரை யாரும் அப்புறம் சிரிக்கவில்லை.

1907இல் அதே இடம், அதே கேள்வி. கங்காணி அவசரமாகப் பதில் சொன்னார். “காதுல விழல, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க” என்றாள். கத்திச் சொன்னார். அந்த வருடம் அவள் குடத்தைத் தூக்க நேரம் எடுத்துக்கொண்டாள். முந்தானையை உதறிக் கட்டினாள், சும்மாட்டைப் பிரித்துச் சுற்றினாள். காவடி அதுவரை தோளில் இருந்தது. 1908இல் அவர் பதிலை மாற்றினார்.

“எங்க போனானோ, எனக்கென்ன தெரியும்?”

“போன வருசம் தெரிஞ்சிருந்துச்சே?” என்று கூட்டத்தில் ஒரு குரல். யாரென்று எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். அதற்குப் பிறகு கேங்கு ஆட்கள் அவர் வீட்டு வேலைக்குக் கூப்பிட்டால் வயிற்றுவலி என்று சொல்லத் தொடங்கினார்கள்.

1909இல் கங்காணி தண்டவாள வழி வேண்டாம், ரோட்டு வழி போவோம் என்றார். “ரயில் கங்காணி ரயிலுக்குப் பயந்துட்டாருன்னு மாட்டுவண்டிக்காரன் சிரிப்பான்” என்றார்கள். கேட்கவில்லை. காத்தாயி மறுப்புச் சொல்லாமல் ரோட்டில் நடந்தாள். புக்கிட் தீமா கடைத்தெருவில் ஒரு பலகை வீட்டின் முன்னால் குடத்தை இறக்கினாள். கங்காணி கட்டி வாடகைக்கு விட்ட வீடு அது. வளைவைத் தவிர்க்கும் அவசரத்தில் அவருக்கு அந்த நினைப்பே வரவில்லை. கடைக்காரர்கள், வண்டிக்காரர்கள், வீட்டில் குடியிருந்த சீனர் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள்.

“இந்தப் பலகையெல்லாம் எதுல வந்துச்சி கங்காணியாரே?”

அவர் பலகைச் சுவரைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். நெற்றியில் பூசியிருந்த விபூதி வியர்வையில் கரைந்து கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் காவடியில். அவர் நன்றாக வேகட்டும் என்று நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

1910இல் மறுபடியும் தண்டவாள வழி. அவளுக்கு அது ஐந்தாவது வருடம். அதோடு அவள் நேர்த்தி முடிகிறது. அதற்குப் பிறகு கூட்டத்தில் அவளுக்கு இடமும் இல்லை, நடையை நிறுத்தும் உரிமையும் இல்லை. வடிவேலு குடிகாரனாகவே எழுத்தில் கிடப்பான், கங்காணி கங்காணியாகவே இருப்பார்.

“இதோட ஒழிஞ்சுது” என்று கங்காணி காலையில் என் காதுபடச் சொன்னார்.

“ஆமா கங்காணியாரே, இன்னிக்கி முடிச்சிக்கிறேன்” என்றாள் காத்தாயி.

அந்த வருடம் துரை புதியவர். திங்கட்கிழமைதோறும் நகரத்திலிருந்து டிராலியில் ஏறிப் பாதையைப் பார்த்துக்கொண்டே வடக்கே வருவார். நியூட்டனில் பால் ஊற்றும்போது காத்தாயி அதை வாரம் தவறாமல் பார்த்திருக்கிறாள். அந்தத் தைப்பூசத்துக்கு முந்தின நாள் திங்கட்கிழமை. இதை நான் பிறகுதான் கூட்டிப் பார்த்தேன். வழியில் இரண்டு இடத்தில் காலில் முள் என்று நின்றாள். இல்லாத முள்ளைப் பிடுங்கி எறிந்தாள்.

வளைவில் குடம் இறங்கியது. கங்காணி கேள்விக்குக் காத்திருந்தார். அவள் எதுவும் கேட்கவில்லை. பாதை திரும்பும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேக்குறத கேட்டுட்டுத் தூக்கு புள்ள, தோளு இத்துப்போவுது.”

“இருங்க.”

முன்னால் நின்ற தாவூது கொடியைத் தூக்கி ஆட்டினார். துரையின் டிராலி வளைவில் திரும்பிக் கிறீச்சிட்டு நின்றது. நடுப்பாதையில் குடம். எடுக்கச் சொன்னார், ஒருவரும் தொடவில்லை. துரை நம் ஆட்களின் வழக்கத்தில் கைவைக்கும் மனிதர் இல்லை. டிராலியைப் பாதையிலிருந்து இறக்கி, குடத்தைச் சுற்றித் தூக்கிப்போய் அந்தப் பக்கம் வைக்கச் சொன்னார். நாலு ஆட்கள் குனிந்து, மூச்சைப் பிடித்து, முக்கி முனகித் தூக்கினார்கள். ஜல்லியில் வைத்துவிட்டு ஒருவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

கங்காணி முந்திக்கொண்டு மலாயில் பேசினார். “பெண்ணுக்குக் கால் வலி துவான். வெயில், தலையும் கொஞ்சம் சரியில்லை. இதோ போய்விடுவோம்.”

அப்போது காத்தாயி வாயைத் திறந்தாள். “துவான், தியா போஹோங். சாயா திடா சாகாப் இத்து.” ஐயா, இவர் பொய் சொல்கிறார், நான் அப்படிச் சொல்லவில்லை என்று அர்த்தம். பால் வீடுகளில் கேட்டுக் கற்ற மலாய்தான், ஆனால் ஒரு சொல் தட்டவில்லை. லயத்துப் பெண்ணுக்கு மலாய் வரும் என்பது கங்காணியின் கனவிலும் வந்ததில்லை. காவடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

துரை அவளைப் பேசச் சொன்னார். அவள் பழைய சாவைச் சொன்னாள், வீட்டைச் சொன்னாள், பலகையைச் சொன்னாள். பிறகு ஜல்லியில் கிடந்த டிராலியைக் காட்டினாள்.

“இதை இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது துவான். என் புருஷன் ஒரே ஆளாக, குடித்துவிட்டு, இப்படி ஒன்றைத் தூக்கித் தண்டவாளத்தில் வைத்தான் என்று எழுதியிருக்கிறது.”

துரை டிராலியைப் பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவனைப் பார்த்தார். பிறகு கங்காணியைப் பார்த்தார்.

“பழைய கதை துவான். அது வேறு, சின்ன டிராலி” என்றார் கங்காணி.

“இதே மாதிரி டிராலிதான்.” மலாயில் சொன்னது சேக் தாவூது. தலை குனிந்திருந்தது. “தள்ளிக்கொண்டு போனது இரண்டு பேர். தண்டவாளத்தில் ஏற்றிவிட மற்ற இரண்டு பேரைக் கங்காணியே அனுப்பினார். தள்ளிய இன்னோர் ஆள் நான். வண்டியைப் பார்த்ததும் குதித்துவிட்டேன். கொடி கேட்டோம், கொடுக்கவில்லை.”

காத்தாயிக்கே இது புதுச் செய்தி. இரண்டாவது ஆள் ஒருவன் இருந்திருப்பான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும், அதனால்தான் ‘ஒத்தையிலயா’ என்று கேட்டாள். அந்த ஆள் தன் முன்னால் கொடி பிடித்து நடந்தவர் என்பது தெரியாது.

தாவூது அவளைப் பார்த்துத் தமிழில் சொன்னார். “கொடியில்லாமப் போனது ஒங்குத்தம், வாயத் தெறந்தா நீதான் மொதல்ல ஜெயிலுக்குன்னு சொன்னாரு தங்கச்சி. ஊர்ல ரெண்டு கொமரு இருக்கு. பயந்துட்டேன். மன்னிச்சிரு.”

“மன்னிப்பெல்லாம் உங்களுக்கும் கெடையாது அண்ணே. சாட்சிக்கி மட்டும் தவறாம வந்துருங்க.”

துரையின் முகம் சிவந்திருந்தது. கங்காணியைப் பார்த்து, நீ இனி ஒரு சொல் பேசாதே, தோளில் இருப்பதை இறக்கிவைத்துவிட்டு என்னோடு டிராலியில் ஏறு என்றார். கங்காணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். துரை கையை உயர்த்தினார். பிறகு கங்காணி செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. காத்தாயியிடம் திரும்பினார்.

“காத்தாயி, பாதி வழியில காவடிய எறக்குனா கொலத்துக்கே ஆகாதும்மா. சாமிக்கிச் செலுத்திட்டுச் சாயந்தரம் வந்துர்றேன்னு நீ ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா கேப்பாரு.”

“சொல்றேன்” என்றாள்.

துரையிடம் மலாயில் சொன்னாள். “தோள் ரொம்ப வலிக்கிறதாம் துவான். இங்கேயே இறக்கிவைத்துவிடுகிறேன் என்கிறார்.”

கங்காணிக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. துரை சரியென்று தலையசைத்தார். அன்று அவள் சொன்னதை இவர் எப்படிச் சுருக்கினாரோ, இன்று இவர் சொன்னதை அவள் அப்படியே சுருக்கிக் கொடுத்தாள். மயிலிறகு ஜல்லியில் பட்டபோது பெண்கள் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவள் போட்டுக்கொள்ளவில்லை. டிராலி வடக்கே போய் மறையும்வரை பார்த்துவிட்டுக் குடத்தைத் தூக்கினாள்.

நாங்கள் நடந்தோம். ஆர்ச்சர்ட் ரோடுக்கு மேலே ரயில் பாலத்தில் போகும்போது, கீழே குதிரை வண்டிகள் நின்று பார்த்தன. “காவடி எங்கடா?” என்று கீழேயிருந்து ஒருவன் கத்தினான். “ரயில்ல ஏறிப் போயிருச்சி!” என்று எங்களில் ஒருவன் கத்தினான். அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பு எல்லோருக்கும் வந்துவிட்டது. காத்தாயி மட்டும் சிரிக்கவில்லை. குடம் தளும்பிவிடும் என்பதாக இருக்கலாம்.

ஏப்ரலில் அவளுக்கு ரயில்வேயிலிருந்து கடிதம் வந்தது. கங்காணி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஆனால் வடிவேலுவைப் பற்றிய பழைய குறிப்பை மாற்ற முடியாது, அதை எழுதிய துரை சீமைக்குப் போய்விட்டார், சம்பந்தப்பட்டவரின் வாக்குமூலம் இருந்தால் பார்க்கலாம் என்றிருந்தது. மாட்டுக்கொட்டகை முதலாளி அவளுக்கு நல்லது சொன்னார்.

“போதும் காத்தாயி. அவனுக்கு வேல போச்சு, வீட்டையும் வித்துட்டான். விட்டுரு.”

“எம் புருசன் இன்னும் குடிகாரனாத்தான இருக்கான் மொதலாளி?”

ஜூன் மாதம் கங்காணியே தேக்காவுக்கு வந்தார். இளைத்திருந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். வேறு கேங்கில் வெறும் கூலியாகவாவது சேர்த்துக்கொள்ளும்படி துரையிடம் அவள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார். “நாந்தான் அனுப்புனேன், அதுக்கு என்னய மன்னிச்சிரு தாயி” என்று குனிந்தார். அவள் சாணிக் கூடையைக் கீழே வைக்கவில்லை.

“அத வாயால சொல்லாதீங்க. கணக்குப்பிள்ளை ஐயா எழுதுவாரு, கையெழுத்துப் போடுங்க.”

“போட்டா ஜெயிலுக்குல்ல போவணும்?”

“போட்டா ஜெயிலு, போடாட்டிப் பட்டினி. அம்மாம் பெரிய காவடியத் தூக்குன தோளு, இதையும் தூக்கும்.”

ஒரு வாரம் வராமல் இருந்துவிட்டு மறுபடி வந்தார். நான் எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார், இரண்டு பேர் சாட்சி போட்டார்கள். மை காய்ந்ததும் அவள் காகிதத்தை எடுத்து மடித்து என்னிடம் கொடுத்தாள்.

“அப்ப, தொரைகிட்ட எப்பம்மா சொல்லுவ?” என்றார்.

“சொல்றேன்னு நான் எப்ப சொன்னேன்?”

அவர் என்னைப் பார்த்தார். அவள் அப்படி எதையும் சொல்லவில்லை என்பதற்கு நானே சாட்சி. அதைத்தான் சொன்னேன். அவர் ஜொகூர்ப் பக்கம் ஏதோ தோட்டத்துக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். விசாரிக்கவில்லை. ஒரு பெண் இவ்வளவு தூரம் போகலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. பலகைக்கு ஆள் அனுப்பியவர் கொடிக்கு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் அவள் எங்கேயும் போயிருக்கமாட்டாள்.

வாக்குமூலத்தை நான் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதற்குப் பதில் வந்த அன்றே தேக்காவுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவள் கன்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். படியுங்கள் என்றாள். வடிவேலு கங்காணியின் உத்தரவின்பேரில், கொடி தரப்படாமல், இன்னோர் ஆளுடன் சென்றான். குடித்திருந்தான் என்பது பொய். பழைய குறிப்பு அடிக்கப்பட்டது.

“கங்காணி பேரு இருக்கா அதுல?”

“இருக்கு.”

“என்னன்னு இருக்கு?”

“பொய்ச் சாட்சி சொன்னவர்னு.”

“அத மட்டும் இன்னொருக்கப் படிங்க.”

படித்தேன். கன்று கையை இழுத்தது, அவள் விடவில்லை. மறுபடியும் படிக்கச் சொன்னாள், படித்தேன். பிறகு கன்றைத் தாயிடம் விட்டுவிட்டுப் பால் கறக்க உட்கார்ந்தாள். அதற்குமேல் ரயில்வேயிலிருந்து அவளுக்குக் கடிதம் எதுவும் வரவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. கடிதத்தின் தலைப்பில் போட்டிருந்தது ஆகஸ்ட் 16. அது வந்து சேர்ந்தது 1910 ஆகஸ்ட் 19, வெள்ளிக்கிழமை.